பாதி மாத்திரை

பெங்களூர்
7-4-2002

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஹாஸ்டல் சாம்பார்தான் இன்னும் இனிக்கிறது. நீயும் அண்ணியும் குட்டி மோகனாவும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலுக்கு வந்தபோது நீ இருமிக்கொண்டே இருந்தாய். கேட்டதற்கு, "கூட்ஸ் ஷெட்ல சிமெண்டு மூட்டை தூக்கறவன் இருமாம பின்ன பாட்டா பாடுவான்?" என்றாய். இப்போது நின்றுவிட்டதா?

மூன்று ஞாயிறாகப் பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் அக்கா நம்பருக்குப் போன் செய்கிறேன். மூன்று தடவையும் அண்ணிதான் வந்தார். "அவரு வெளியில போய்க்கீறாரு" என்கிறார். என் குரல் உனக்குப் புளித்துவிட்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிகம் வந்துவிட்டது அண்ணே!

'உன் தங்கச்சி அங்க இன்னாதான் படிச்சிக்கினு கீறா?' என்று நம் பிளாக்கில் எல்லோரும் உன்னைக் கேட்பார்களே, அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு. டிபி கிருமிக்குள் ஒரு புரதம் இருக்கிறது. கிருமியின் மரபணு நீளக் கயிறு மாதிரி. கிருமி அதைப் படித்துப் படித்துத்தான் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. இந்தப் புரதம் கயிற்றில் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கே இருப்பதைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற அதன் பகுதியை மட்டும் தனியாக எடுத்து, உப்புக் கரைசலில் துளித்துளியாக வைத்து, கல்கண்டு மாதிரி விளைய வைக்க வேண்டும். விளைந்தால்தான் எக்ஸ்ரே அடித்து அதன் உருவத்தைக் கண்டுபிடிக்க முடியும். பதினாலு மாதமாக ஆயிரம் துளிக்கு மேல் வைத்தேன். எல்லாம் திரிந்த பால் மாதிரிதான் ஆயின. போன செவ்வாய்க்கிழமை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், ஒரு துளிக்குள் நகத்துணுக்கு போல ஒன்று, நாலு முனையும் கூராக மின்னுகிறது. நான் கத்திய கத்தலில் எங்கள் மேடம் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

அண்ணிக்கும் மோகனாவுக்கும் முத்தங்கள்.

உன் தங்கை
எழில்மொழி


வியாசர்பாடி
28-4-2002

அன்புத் தங்கை எழில்மொழிக்கு அண்ணன் அன்பரசன் எழுதிக்கொண்டது.

ஜெய்பீம். எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு, சாம்பாரைக் குறை சொல்லாதே.

உன் கடிதத்தைப் பிளாக்கில் படித்தேன். கீழ் வீட்டு அத்தாவுல்லா பாய், "அப்போ அந்தப் புரோட்டீனு கிருமி வூட்டு வாச்மேன். இன்னாத்தக் காவல் காக்குது அது?" என்று கேட்டார். அதை நீ எழுதவில்லையே. "அது ரகசியம் பாய்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன் எனக்குச் சரிப்படவில்லை. அந்த வீட்டில் எப்போதும் டிவி ஓடுகிறது. நீ கடிதமே எழுது. கடிதமென்றால் இரண்டு தடவை படிக்கலாம்.

மோகனாவைப் பெரம்பூரில் உன் அண்ணி ஷாலுவின் அம்மா வீட்டில் விட்டிருக்கிறோம். அங்கிருந்து பள்ளிக்கூடம் பக்கம்.

இன்னொரு விஷயம். ஷெட்டில் என்னோடு மூட்டை தூக்குகிற வேலப்பனுக்கு டிபி. ஆறு மாதம் சாதா மாத்திரை போட்டும் கேட்கவில்லை. தை மாதத்திலிருந்து வேறு மருந்து. தினம் ஒரு ஊசி, கை நிறைய மாத்திரை. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருக்கிறது. விழுங்கி அரை மணி ஆவதற்குள் குடலே வாய்க்கு வந்துவிடுகிறதாம். "அத்தப் பாத்தாலே ஓங்கரிக்கிது மாமு" என்று அழுகிறான், அவ்வளவு பெரிய ஆள். அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன்: எத்தியோனமைடு. உங்கள் படிப்பில் இதற்கு ஏதாவது வழி சொல்லியிருக்கிறதா? அவனுக்காகத்தான் கேட்கிறேன்.

அன்பரசன்


பெங்களூர்
5-5-2002

அண்ணே, ஜெய்பீம். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். உட்கார்ந்துகொண்டு படி.

வேலப்பன் போடுகிற அதே மாத்திரைதான் என் புரதத்தின் கதையே! அந்த மாத்திரை உடம்புக்குள் போகும்போது தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பிவிடுவது கிருமி தனக்காகச் செய்துகொள்கிற ஒரு பொருள். அந்தப் பொருளை நிறையச் செய்யவிடாமல் தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பாய் சொன்ன வாச்மேன். அதனால்தான் இவ்வளவு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் வாந்தி. வாச்மேனின் பிடியைத் தளர்த்திவிட்டால் பாதி மாத்திரை போதும்.

போன வாரம் கம்ப்யூட்டரில் அதன் உருவம் தெரிந்துவிட்டது. முதலில் சாம்பல் நிற வலை மாதிரி குழப்பமாக இருந்தது. மூன்று நாள் அதிலேயே கிடந்தேன். திடீரென்று ஒரு சுருள் தெரிந்தது, ஒரு மடக்கு, மறுபடி ஒரு சுருள். அந்த இரண்டாவது சுருள்தான் கயிற்றின் பள்ளத்துக்குள் போய் உட்காருகிறது. உலகத்தில் வேறு யாரும் பார்க்காததை வியாசர்பாடிக்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன், உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிடியின் அடியில் சின்னப் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதற்குள் பொருத்தமான ஒரு மருந்தைச் செருகினால் பிடி தளர்ந்துவிடும்.

வேலப்பனிடம் சொல். பாதி மாத்திரை போதும் என்கிற நாள் வரப்போகிறது. இன்னும் கொஞ்ச நாள்தான்.

எழில்மொழி


வியாசர்பாடி
20-5-2002

அன்புத் தங்கைக்கு,

ஜெய்பீம். சுகம்தான்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? வேலப்பன் கேட்கச் சொன்னான். இந்த வருஷத்துக்குள் வருமா? உன் கடிதத்தை நாலு தடவை அவனுக்குப் படித்துக் காட்டினேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

அன்பரசன்


பெங்களூர்
4-8-2002

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். இரண்டரை மாதமாகப் பதில் எழுதாததற்குத் திட்டாதே. நடுவில் நீ போட்ட இரண்டு கார்டும் வந்தன. எனக்குக் கொஞ்சம் தூக்கம் சரியில்லை, மற்றபடி ஒன்றுமில்லை. இங்கே மழை. அங்கே தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா?

வேலையில் ஒரு சின்னத் தடங்கல். மேடமும் நானும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த வருஷத்துக்குள்ளா என்று கேட்டிருந்தாய். மருந்து வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் நடக்கும். வேலப்பனைத் தைரியமாக இருக்கச் சொல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போனுக்கு வாயேன்.

எழில்மொழி


வியாசர்பாடி
1-9-2002

அன்புத் தங்கை எழிலுக்கு,

ஜெய்பீம். தண்ணீர் லாரி வருகிறது, சண்டையும் வருகிறது. ஷாலு குடத்தோடு முன்னால் நிற்பதால் நமக்குக் குறையில்லை. தூக்கம் சரியில்லை என்று எழுதியிருந்தாய். வெந்நீரில் குளித்துவிட்டுப் படு.

வேலப்பன் தேறிவிட்டான். ஊசி முடிந்தது. வாந்தியும் அநேகமாக நின்றுவிட்டது. காலையில் நாலு இட்லியும் வடகறியும் வெட்டுகிறான். இரண்டு கிலோ ஏறியிருக்கிறான் என்றால் பார்த்துக்கொள். எல்லாம் உன் கடிதம் வந்த நேரம்தான் என்கிறான்.

கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்றாயே, அந்த வாச்மேன் படம் ஒன்று இருந்தால் அனுப்பு. சுவரில் ஒட்டுகிறேன்.

அன்பரசன்


வியாசர்பாடி
3-11-2002

அன்புள்ள எழிலுக்கு அண்ணி ஷாலு எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வேலப்பனுக்கு டிபி இல்லை. அவன் குதிரை மாதிரி மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறான். டிபி உன் அண்ணனுக்கு. போன வருஷம் ஆனியிலிருந்து. உன்னிடம் சொல்லக் கூடாது என்று மோகனா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவ படிக்கறது பரீட்சை மாரி இல்ல ஷாலு. ஒரு நாளு மனசு செதறிச்சின்னா ஒரு வருசம் பூடுமாம்" என்றார். குழந்தையைப் பெரம்பூருக்கு அனுப்பியதும் அவளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்றுதான், பள்ளிக்கூடத்துக்காக இல்லை.

போனுக்கு வராததற்கும் அதுதான் காரணம். சிலுவையம்மாள் அக்கா நர்ஸாக இருந்தவர்தானே, அவர்தான் தினம் ஊசி போட்டார். மூன்றாம் மாதமே காதுக்குள் கூட்ஸ் வண்டி ஓடுகிற மாதிரி இரைச்சல் என்றார். ஜூனில் இரண்டு காதும் அடைத்துப்போயின. சில பேருக்கு அந்த ஊசி அப்படிச் செய்யுமாம், இனிமேல் திரும்பாதாம். வீட்டில் நான் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன், அவர் வாயால் பதில் சொல்கிறார். கத்திச் சொல்கிறார், அவருக்குத் தெரிவதில்லை.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். முந்தாநாள் பீரோவை ஒதுக்கும்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது. திறந்தால் நிறைய ஆரஞ்சு மாத்திரை, எல்லாம் பாதி பாதியாக உடைத்தது. மே மாதத்திலிருந்து அந்த மாத்திரையைப் பாதிதான் போட்டிருக்கிறார். வாந்தி நின்றதும் நான் மருந்து ஒத்துப்போய்விட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். "இன்னாய்யா இது?" என்று டப்பாவை நீட்டினேன். பாக்கெட்டிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "என் தங்கச்சி எழுதிக்கீறா பாரு. பாதி போதும்."

புரட்டாசியிலிருந்து மறுபடி காய்ச்சல், இருமல். ஏறின எடையெல்லாம் இறங்கிவிட்டது. சளியில் கிருமி திரும்ப வந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நீ அப்படித்தான் எழுதினாயா எழிலு? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

ஷாலு


பெங்களூர்
7-11-2002

அண்ணே,

பாதி மாத்திரை போதாது. டாக்டர் சொன்ன அளவு முழுதாகப் போட வேண்டும். இதை முதலில் படித்துவிட்டு மீதியைப் படி.

நேரில் வந்து சொன்னாலும் உன் காதில் விழாது. சிலேட்டில் எழுதுவதற்கு இது பெரியது. அதனால் எழுதி எடுத்துக்கொண்டு ரயிலேறுகிறேன். நீ படிக்கும்போது எதிரில்தான் நிற்பேன்.

மருந்து எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு உருவம்தான். அந்தப் பள்ளத்துக்குள் பொருந்துகிற பொருள் என்னிடமும் இல்லை, வேறு யாரிடமும் இல்லை. அப்படி ஒன்றைத் தேட வேண்டும், கிடைத்தால் எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகு மனிதர்களுக்கு. பத்து வருஷமும் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். ஒன்றுமே வராமலும் போகலாம். இது எனக்கு மே மாதமே தெரியும். தெரிந்துதான் 'கொஞ்ச நாள்' என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். ஆறு வருஷமாக உன் தங்கை என்ன படிக்கிறாள் என்று ஊர் கேட்கிறது, நீ ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாய். ஒரு தடவையாவது நீ தலைநிமிர்ந்து சொல்ல ஒரு பதில் தரலாம் என்று ஆசைப்பட்டேன். உனக்கு என்று எழுதுகிறேன், எனக்கும்தான்.

இன்னொன்றையும் மறைத்தேன். ஜூன் மாதம் வெளிநாட்டில் ஒரு குழு அதே புரதத்தின் அதே பகுதியை எங்களுக்கு முன்னால் வெளியிட்டுவிட்டது. யாரும் பார்க்காததைப் பார்த்தேன் என்று உனக்கு எழுதினேனே, அப்போதே அவர்கள் பார்த்து முடித்திருக்கிறார்கள். அழுதுகொண்டு கிடந்தேன். நீ கார்டுக்கு மேல் கார்டு போட்டுக் கேட்டபோது, 'சின்னத் தடங்கல்' என்று எழுதினேன். மருந்து இல்லை என்று அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் உனக்கு ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும்.

நீ இருமியதைப் பொங்கலிலேயே என் காதால் கேட்டேன். டிபி கிருமியைத்தான் படிக்கிறேன். சிமெண்ட் தூசி என்று நீ சொன்னதும் நம்பிவிட்டேன்.

எழில்மொழி


வியாசர்பாடி
15-12-2002

அன்புள்ள எழிலுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. நான் நன்றாக இருக்கிறேன், குழந்தைக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை.

அவர் மாத்திரை போடுகிறார். சிலுவையம்மாள் அக்கா எதிரில் நின்று, "ஆ காட்டு, நாக்கத் தூக்கு" என்று பார்த்துவிட்டுத்தான் போகிறார். ஆனால் ஆரஞ்சு மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். கிருமி அதற்குப் பழகிப்போய்விட்டதாம், இனிமேல் முழுதாகப் போட்டாலும் அவருக்குக் கேட்காதாம். அதற்குப் பதில் வேறு ஒன்று கொடுத்திருக்கிறார். அதைப் போட்டால் காரணமில்லாமல் கோபம் வருகிறது. ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தார். பிறகு அவரே குனிந்து சோற்றை அள்ளினார்.

நீ வந்துபோனதைப் பற்றிப் பேசுவதில்லை. சிலேட்டில் உன் பெயரை எழுதினால் துடைத்துவிடுகிறார். உன்னை நானும் கொஞ்ச நாள் மனதுக்குள் ஏசினேன். இப்போது ஏசத் தெம்பு இல்லை. ராயபுரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போகிறேன். நீ எழுதுவதை நிறுத்தாதே. அவர் கேட்பதில்லை, ஆனால் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில்தான் நிற்கிறார்.

ஷாலு


பெங்களூர்
19-1-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெய்பீம். நீ எப்படி இருக்கிறாய் என்று அண்ணி எழுதிவிட்டார், அதனால் அதை உன்னிடம் கேட்கவில்லை.

அன்றைக்கு நீ என் கடிதத்தை எதிரில் உட்கார்ந்து படித்தாய். மடித்தாய். சட்டையை மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போய்விட்டாய். பின்னாலேயே வந்தேன். பிள்ளைகள் பந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாய். "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. தோளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டேன். நான் வந்தது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

எங்கள் கட்டுரையை ஒரு சின்ன இதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டாவதாக வந்தவர்களுக்கும் அங்கே இடமுண்டு. இந்த மாதிரிக் கட்டுரை எல்லாவற்றிலும் கடைசியாக ஒரு வரி வரும்: இந்த உருவம் புதிய காசநோய் மருந்துகளுக்கு வழி திறக்கும். நாங்களும் எழுதியிருந்தோம். அதை எடுத்துவிடலாம் மேடம் என்றேன். "எல்லாரும் போடுற வரிதானேம்மா, இது யாரை என்ன பண்ணப்போகுது?" என்றார். சொன்னேன். உன்னைப் பற்றி, பீரோவுக்கு அடியில் இருந்த டப்பாவைப் பற்றி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த வரியை அவரே அடித்து நீக்கினார்.

இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ பதில் போடாவிட்டாலும் மாதம் ஒன்று எழுதுவேன்.

எழில்மொழி


வியாசர்பாடி
9-3-2003

அன்புத் தங்கை எழில்மொழிக்கு அண்ணன் அன்பரசன் எழுதிக்கொண்டது.

ஜெய்பீம். நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எழுதக் கை வரவில்லை, அதனால்தான் நான்கு மாதம்.

அன்றைக்கு நீ கிரவுண்டுக்கு வந்தது எனக்குத் தெரியும். எதிரில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினால் உன்னை அடித்துவிடுவேனோ என்று பயந்தேன். அதனால்தான் கம்பியை விடவில்லை.

உன் மே மாதக் கடிதம் கிழிந்துபோய்விட்டது, ஆனால் எனக்கு மனப்பாடம். 'பாதி மாத்திரை போதும் என்கிற நாள் வரப்போகிறது' என்றுதான் எழுதியிருந்தாய். வரப்போகிறது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவன், அதற்கு அர்த்தம் தெரியாதவன் இல்லை. தினம் காலையில் அந்த மாத்திரையைக் கையில் எடுத்ததுமே, வாந்தி வருவதற்கு முன்னாலேயே வாயில் எச்சில் ஊறும். நிறுத்த ஒரு சாக்கு கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். நீ அனுப்பினாய், நான் பிடித்துக்கொண்டேன். உன்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழுப் பழியையும் உன் தலையில் வைத்தால் அதுவும் பொய். அதை ஷாலுவிடம் சொல்லிவிட்டேன்.

அந்தக் கடைசி வரியை எடுத்தது சரியா தப்பா, எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் யோசித்தேன். நீ எடுத்துவிட்டாய், இருக்கட்டும்.

இனி நம் இருவருக்கும் நடுவில் எதையும் மாற்றி எழுத வேண்டாம். நானே தொடங்குகிறேன். மாசி மாத டெஸ்டிலும் கிருமி இருக்கிறது. எடை நாற்பத்து மூன்று. ஷெட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. இரண்டாம் மாடி ஏற நடுவில் இரண்டு தடவை குந்த வேண்டியிருக்கிறது. மாத்திரை எதையும் விடவில்லை, ஒரு நாள் கூட. நேற்று காலை பல் துலக்கும்போது இருமலோடு ரத்தம் வந்தது, அரை டம்ளர் இருக்கும். ஷாலு கம்பெனிக்குப் போயிருந்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். பிறகு யோசித்து, சாயந்திரம் அவள் வந்ததும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், படுக்கச் சொல்வார்கள் போலிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது எழிலு. லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

உன் அண்ணன்
அன்பரசன்